அதலைக்காயும் அயிரையும்: மதுரைச் சந்தையில் வாங்கிச் சமைப்பது பற்றி

வாசகர் கேள்வி, 19 அக்டோபர் 2024

மதுரைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகின்றன. அண்ணா நகர்ப் பக்கம் வீடு. உழவர் சந்தைக்குப் போங்கள், காய் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று போய்ப் பார்த்தேன். அதே கத்திரி, அதே வெண்டை, அதே தக்காளி. ஆப்பில் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது, விலையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? தெரியாத காய் கண்ணில் பட்டாலும் அதை வைத்து என்ன சமைப்பது என்றும் புரியவில்லை.

20 அக்டோபர், காலை

சந்தைக்கு உள்ளே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே பார்த்தீர்களா?

உள்ளே கடை போட உழவர் அட்டை வேண்டும். அட்டை வேண்டும் என்றால் நிலம் இருக்க வேண்டும், அதில் இன்ன பயிர் நிற்கிறது என்று அதிகாரிகள் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதனால் உள்ளே கிடைப்பது விதை போட்டுத் தண்ணீர் பாய்ச்சி விளைவித்த காய். நல்ல காய்தான், அன்று காலையோ முந்தின சாயங்காலமோ பறித்தது. ஆனால் வேலியில் படர்ந்தது, கண்மாய்க் கரையில் முளைத்தது, மழைக்குத் தானாக வந்தது இதையெல்லாம் பறித்துக்கொண்டு வருகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, அட்டையும் கிடையாது. அவர்கள் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் விற்றுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நீங்கள் எந்த ஆப்பிலும் பார்க்காத பொருள் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது.

இப்போது ஐப்பசி தொடங்கியிருக்கிறது. மழை பிடித்துவிட்டது. இந்த மூன்று மாதம்தான் வருடத்திலேயே நல்ல காலம்.

20 அக்டோபர், மதியம்

என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். முதலில் அதலைக்காய்.

சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும், கரும்பச்சை, மேலே வரிவரியாக மேடு. பாகற்காயின் பங்காளி, கசக்கும். ஆனால் பாகற்காய்க் கசப்பு நாக்கில் நின்றுகொண்டே இருக்கும், இது வந்த வேகத்தில் போய்விடும், பின்னாலேயே ஒரு இனிப்பு மாதிரி வரும். விருதுநகர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் தானாக வருவது. கிழங்கு மண்ணுக்குள் கோடை முழுக்கச் சும்மா கிடக்கும். மழை விழுந்ததும் துளிர்த்துக் கொடி ஓடும். யாரும் விதைப்பதில்லை. பருத்தி, சோளம், உளுந்து என்று எந்த மானாவாரிப் பயிருக்கு நடுவிலும் களையாக நிற்கும், களை எடுக்கப் போகிற பெண்கள் மடியில் பறித்துக்கொண்டு வருவார்கள்.

ஆப்பில் இது வராமல் போவதற்குக் காரணம் காயிலேயே இருக்கிறது. பறித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். விட்டால் காய் மஞ்சளாகி வெடித்து விதை வெளியே வந்துவிடும். கிடங்கில் வைத்து, பெட்டி கட்டி, இன்னொரு ஊருக்கு அனுப்பி விற்கிற எந்த ஏற்பாட்டுக்கும் இது தாங்காது. பறித்தவர் கையிலிருந்து நேராகச் சட்டிக்குப் போனால்தான் உண்டு.

செய்முறை சொல்கிறேன். கால் கிலோ போதும். இரண்டு பக்கமும் காம்பையும் வாலையும் கிள்ளுங்கள். இது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை, வீட்டில் சும்மா இருப்பவர்களைக் கூட உட்கார வையுங்கள். கழுவி நீரை நன்றாக வடிய விடுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வத்தல், கறிவேப்பிலை, அப்புறம் கை நிறையச் சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு மஞ்சள்தூள், உப்பு சேர்த்துச் சிறுதீயில் விடுங்கள். மூடி போட வேண்டாம். காய் சுருங்கி நிறம் மாறும்போது கெட்டியான புளிக்கரைசல் இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை வெல்லம். புளி வற்றி எண்ணெய் மேலே நிற்கும்போது இறக்குங்கள். விதை பல்லில் கடிபடும், அதுதான் இந்தக் காயின் ருசி. ரசம் சாதத்துக்கு இதற்கு மேல் தொடுகறி எனக்குத் தெரியாது.

20 அக்டோபர், இரவு

சின்னக் காயை வெட்டக்கூடாது என்பதை மேலே எழுத விட்டுப்போயிற்று. எனக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஆத்தா இதை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வது மாதிரி சொல்வார். "முழுசாப் போடு தாயி. கத்தி பட்டா கசப்பு வெளிய வந்துரும், பிள்ளைக திங்காது." பெரிய காயாக இருந்தால் இரண்டாகப் பிளக்கலாம். விதை முற்றிக் கல் மாதிரி இருந்தால் விதையை எடுத்துவிடுங்கள். ஆனால் அவ்வளவு முற்றியதை வாங்கவே வேண்டாம், நகத்தால் அழுத்தினால் அழுந்த வேண்டும்.

22 அக்டோபர்

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் "உழவர் சந்தைதான் இந்தியாவிலேயே முதல் விவசாயிகள் சந்தை, அது மதுரையில் பிறந்தது" என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் முதல் என்பது சரி. 1999 நவம்பர் 14, கருணாநிதி முதல்வராக இருந்தபோது, மதுரை அண்ணா நகரில், அதாவது கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்த அதே இடத்தில்தான் தொடங்கியது. ஆனால் அதே வருடம் ஜனவரியிலேயே ஆந்திராவில் ரைத்து பஜார் வந்துவிட்டது. பஞ்சாபில் அப்னி மண்டி 1987லேயே இருந்தது. 2001ல் ஆட்சி மாறியதும் பல ஊர்ச் சந்தைகள் கவனிப்பில்லாமல் கிடந்தன, 2006க்குப் பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அந்த ஐந்து வருடமும் அண்ணா நகரில் வந்து உட்கார்ந்த விவசாயிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதையாக இருக்கிறது.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலில் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். மொத்த விலையைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட, வெளியே சில்லறை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக என்று காலையில் நிர்ணயிப்பார்கள். உள்ளே பேரம் பேச வேலையில்லை.

25 அக்டோபர்

வெளியே பேரம் பேசலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பேசுவதில்லை. முதல் போணி என்றால் கண்டிப்பாகப் பேசுவதில்லை. ஐந்து ரூபாய் குறைத்து வாங்குவதைவிட, "இதை உங்க வீட்டுல எப்படி ஆக்குவீங்க?" என்று கேட்பதில் கிடைப்பது அதிகம். நான் இன்றைக்குச் சமைக்கிறதில் பாதி இந்த ஒரு கேள்வியால் வந்ததுதான். புத்தகத்தில் போட்டிருக்கும் கீரைக் கூட்டுக்குப் பருப்பு போடச் சொல்லியிருப்பார்கள். பண்ணைக்கீரை விற்ற அம்மா பருப்பே போடக்கூடாது என்றார். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், இரண்டு பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, வத்தல் கிள்ளித் தாளித்தால் போதும் என்றார். பண்ணைக்கீரைக்குத் தனியாக ஒரு மணம் இருக்கிறது. பருப்பு போட்டால் அது அடங்கிவிடுகிறது, அவர் சொன்னது சத்தியமான வார்த்தை.

எல்லா அம்மாக்களும் ஒன்றாகச் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துச் சாக்கில் இருக்கும் அம்மா அதையே வேறு மாதிரி சொல்வார், அப்புறம் இரண்டு பேரும் உங்களை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் வாதாட ஆரம்பிப்பார்கள். நின்று கேளுங்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம்.

26 அக்டோபர்

கலவைக்கீரை என்று கட்டு கிடைத்தால் விடாதீர்கள். குப்பைக்கீரை, பண்ணை, தொய்யக்கீரை, சாரணை, முருங்கைக் கொழுந்து என்று அன்றைக்குக் கையில் வந்தது எல்லாம் அதில் இருக்கும். இரண்டு நாள் ஒரே கலவை வராது.

3 நவம்பர்

தீபாவளி முடிந்து இன்றுதான் போனேன். பலகாரம் தின்று வயிறு மந்தமாக இருக்கும் வாரம் இது, வெளியே சாக்குகளில் பிரண்டையும் முடக்கத்தானும் குவிந்து கிடந்தன. விற்பவர்களுக்கு வயிற்றின் பஞ்சாங்கம் தெரியும்.

பிரண்டை வாங்கியவர் "கையெல்லாம் அரிக்கிறது, தொண்டையும் அரித்தது, இனி தொடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். தொடுங்கள், முறை தெரிந்தால் அரிக்காது. பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. அதுதான் கையிலும் தொண்டையிலும் குத்துகிறது, கருணைக்கிழங்கிலும் இதே கதைதான். முதலில் வாங்கும்போதே நுனிக் கொழுந்தாக, ஒடித்தால் பட்டென்று ஒடிவதாகப் பாருங்கள். உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி, நான்கு ஓரத்திலும் இருக்கிற நாரை உரித்து எறியுங்கள். எண்ணெயில் வதக்குவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிச் சுருங்கும் வரை வதக்க வேண்டும், நல்ல பொறுமை வேண்டும். அப்புறம் வத்தல், உளுத்தம்பருப்பு, கொஞ்சம் தேங்காய், புளி. புளியில் கஞ்சத்தனம் கூடாது, அரிப்பை அடக்குவதில் பாதி வேலை அதனுடையது. அம்மியில் அரைத்தால் நல்லது, மிக்சியில் என்றால் விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாக எடுங்கள்.

கருணைக்கிழங்குக்கும் இதுவே. வாங்கி வந்த அன்றே சமைக்காமல் சில நாள் காற்றாட விட்டு, புளி கரைத்த நீரிலோ அரிசி கழுவிய நீரிலோ வேகவைத்துத் தோலை உரியுங்கள்.

4 நவம்பர்

முடக்கத்தான் தோசைக்கு இலையை மாவோடு சேர்த்து அரைக்க வேண்டும், நறுக்கிப் போட்டால் சரியாக வராது. ஊறவைத்த புழுங்கல் அரிசி, கொஞ்சம் உளுந்து, வெந்தயம், இரண்டு கை முடக்கத்தான் இலை. பச்சை மாவாக இருக்கும்போது கசப்பு வாடை தூக்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம், கல்லில் விழுந்ததும் போய்விடும்.

10 நவம்பர்

கேள்வி கேட்டவர் அதலைக்காய் தேடி இரண்டு வாரம் போனதாகவும் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவருக்காகச் சில குறிப்புகள்.

அண்ணா நகரில் எல்லா நாளும் வராது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் வரும். அடைமழையில் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, கரிசல் மண் முழங்கால் வரை இழுக்கும், யாரும் பறிக்கப் போகமாட்டார்கள். அதனால் தொடர்ந்து மழை பெய்த வாரத்தில் தேடி அலைய வேண்டாம். சனி, ஞாயிறு காலைகளில் வாய்ப்பு அதிகம், வாங்குபவர்கள் வருவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். திருமங்கலம் போகிற வேலை இருந்தால் அங்கே பாருங்கள், காடு பக்கம், காய் இன்னும் இளசாக இருக்கும். விருதுநகர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பொருளைத் தேடிப் போவதையே விட்டுவிடுங்களேன். அதலைக்காய் வாங்கத்தான் போகிறேன் என்று போனால், இல்லை என்று பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். ஒரு சுற்று முழுக்க எதுவும் வாங்காமல் நடந்துவிட்டு, எது அதிகமாகக் குவிந்திருக்கிறதோ, எது விற்பவரின் முகத்துக்கு நேராக முன்னால் வைக்கப்பட்டிருக்கிறதோ, அதை வாங்குங்கள். அன்றைக்கு அதுதான் புதுசு. வீட்டில் குழம்புக்கு எதைப் போடுவது என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும்.

11 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கை "வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் நடக்குமா, வாரத்துக்கு இன்னது என்று திட்டம் போட்டால்தான் அடுப்பு எரியும்" என்று கேட்டிருக்கிறார். நியாயம். நான் அதை யோசித்துப் பார்த்தேன். முழுக்கவும் சந்தையிடம் விட வேண்டியதில்லை. வெங்காயம், தக்காளி, பருப்பு, புளி, தேங்காய் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதையெல்லாம் எங்கே வாங்கினாலும் சரி, ஆப்பில் வாங்கினாலும் சரி. ஒரே ஒரு காயையோ கீரையையோ மட்டும் வாரத்தில் ஒரு நாள் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். அந்த ஒன்றுக்கு இடம் வைத்துத் திட்டம் போடலாமே.

17 நவம்பர்

அயிரை பற்றி இவ்வளவு நாள் யாரும் கேட்காதது எனக்கு ஆச்சரியம். மதுரையில் இருந்துகொண்டு!

கண்மாய்களில் தண்ணீர் வரத்து இருக்கும்போது அயிரை வரும். நெல்பேட்டைப் பக்கம் போனால் பாத்திரத்தில் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். விரல் நீளம்கூட இருக்காது. விலை கிலோ ஆயிரத்தைத் தாண்டும், வரத்து குறைந்த நாளில் அதற்கு மேலும் போகும், ஆட்டுக்கறியைவிட விலை அதிகம் என்று மலைக்காதீர்கள். நான்கு பேருக்குக் கால் கிலோ போதும், இதில் எலும்பு, தலை என்று கழிவே கிடையாது. உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். செத்த அயிரை வாங்கவே வாங்காதீர்கள். வயிற்றில் மண் அப்படியே நிற்கும், குழம்பு நறநறவென்று ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் தேங்காய்ப் பால் கொஞ்சம் கலந்து அதில் விடுங்கள். பாலைக் குடித்து வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கிவிடும். அரைமணி நேரம் கழித்து நீரை வடித்து மண்சட்டியில் போட்டு, கல் உப்பைத் தூவி உரசிக் கழுவ வேண்டும். வழுவழுப்பு போய்த் தண்ணீர் தெளிகிற வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். குழம்புக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வறுத்து அரைத்த மல்லி, வத்தல், சீரகம், வெந்தயம் கொஞ்சம், புளி. குழம்பு நன்றாகக் கொதித்துச் சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி வைக்கவே கூடாது, சட்டியைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் இறக்கி மூடிவையுங்கள். மதியம் வைத்ததை இரவு இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள், மீன் அதற்குள் புளியையும் காரத்தையும் உள்ளே இழுத்திருக்கும்.

18 நவம்பர்

மிளகாய் வத்தல் எது என்று கேட்டவருக்கு: அயிரைக்கு நான் ராமநாதபுரம் முண்டு வத்தல்தான் போடுவேன். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள், விதை கலகலவென்றால் நன்றாகக் காய்ந்தது. சத்தமே வராமல் மெதுவாக இருந்தால் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும்.

1 டிசம்பர்

கேள்வி கேட்டவர் அதலைக்காய் வாங்கிவிட்டார், சமைத்தும்விட்டார். அவர் வீட்டுக்காரம்மா சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாராம், பையன் ஒரு காயோடு எழுந்து போய்விட்டானாம். பையன்கள் அப்படித்தான், என் வீட்டிலும் பிள்ளைகள் பெரியவர்களான பிறகுதான் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். கசப்புக்கு வயது வரட்டும்.

மீதி இருந்ததை ஃபிரிட்ஜில் வைத்து வெடித்துப்போனதாகவும் எழுதியிருக்கிறார். அடுத்த முறை அதிகம் வாங்கிவிட்டால் அன்றைக்கே எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கிவிடுங்கள், உப்பு மட்டும் போட்டு. ஆறவைத்து டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். மறுநாள் புளிக்குழம்பில் போடலாம், அது தனி ருசி. மோரில் உப்பு போட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து வத்தலாகவும் சில வீடுகளில் போடுவார்கள். ஆனால் கார்த்திகை வானத்தை நம்பி வத்தல் போடுவது தைரியசாலிகளுக்கு.

மிதுக்கு வத்தல், அதாவது மிதுக்கு என்ற சின்னக் காயைக் காயவைத்தது, கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை, எண்ணெயில் பொரித்துத் தயிர்ச் சாதத்துக்குக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

2 டிசம்பர்

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அதலைக்காயில் பாகற்காயைவிடச் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்கிறார்கள், சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள், அப்படியானால் ஏன் யாரும் பயிரிடவில்லை?

சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பது உண்மை. சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பிவிடாதீர்கள், சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். பயிரிடாததற்குக் காரணம் மேலே சொன்ன அதே காரணம், காய் நிற்காது. நிற்காத காயை மண்டியில் யாரும் ஏலம் எடுக்கமாட்டார்கள். பறிப்பதும் லேசில்லை. இத்தனூண்டு காயைக் கொடியில் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும், கூலி கொடுத்துப் பறித்தால் கட்டாது. அவர்களே பறித்து அவர்களே விற்பதால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது.

என்னுடைய கவலை வேறு. களைக்கொல்லி அடித்த காட்டில் இது இருப்பதில்லை. முன்பெல்லாம் கையால் களை எடுப்பார்கள், கிழங்கு மண்ணுக்குள் தப்பித்துவிடும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். மருந்து அடித்த இடத்தில் கொடி கருகிவிடுகிறது. ஆத்தா இந்த வருடம் சொன்னது, "முன்னெல்லாம் எங்க ஊரு பிஞ்சையிலேயே பறிப்பேன் தாயி, இப்ப பஸ் ஏறிப் போய்த்தான் பறிச்சாரேன்." பறிக்க ஒரு பஸ், விற்க ஒரு பஸ். இதைக் கேட்ட பிறகு கால் கிலோவுக்கு அவர் சொல்கிற விலை எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

3 டிசம்பர்

நேற்றைய குறிப்புக்குப் பதிலாக, "அப்படியானால் ஏதாவது ஒரு நிறுவனம் இதைக் கொள்முதல் செய்து நல்ல விலை கொடுத்தால் என்ன" என்று எழுதியிருக்கிறார்கள். இரவெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல விலை பறிப்பவர் கைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் தேவை கூடினால் இருக்கிற கொடியையெல்லாம் கிழங்கோடு பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அடுத்த வருடமும் அதே காட்டுக்குப் போக வேண்டியவர் கிழங்கைத் தொடமாட்டார். கூலிக்கு வந்தவருக்கு அந்த அக்கறை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தந்த ஊரிலேயே, பெண்கள் குழுவாகச் சேர்ந்து, வதக்கியோ வத்தலாகவோ போட்டு விற்றால் நடக்கலாம். உழவர் சந்தைக்குள் ஒரு ஓரத்தில் அட்டை இல்லாத இவர்களுக்கு நிழலாக ஒரு இடம் ஒதுக்கினால் அதைவிட நல்லது, மழையில் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருப்பார்கள். இதற்குப் பெரிய செலவே ஆகாது.

22 டிசம்பர்

மார்கழி. காலையில் பனி. அதலைக்காய் குறைந்துவிட்டது, வருவதும் முற்றல். மொச்சையும் அவரையும் பருவத்துக்கு வந்தாயிற்று. பச்சை மொச்சையை உரித்து ஊறவைத்துப் பிதுக்கிக் குழம்பு வைக்கிற நேரம். உரித்தே விற்கிறார்கள், ஆனால் தோலோடு வாங்குங்கள், உரித்தது வெளியில் கிடந்து காய்ந்து போகிறது.

29 டிசம்பர்

வெளியூரிலிருந்து வரும் உறவினருக்கு மதுரையில் என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்டீர்கள். மல்லிகையை எல்லாரும் சொல்வார்கள். நான் யானைக்கல் பக்கம் போய்ச் சிறுமலை வாழைப்பழம் தேடச் சொல்வேன். திண்டுக்கல்லுக்குப் பக்கத்து மலையில் விளைவது, விருப்பாச்சி மாதிரியே மலைப்பழம். தோல் கறுத்துப் பார்க்க நன்றாகவே இருக்காது, அப்போதுதான் ருசி ஏறியிருக்கும். முடிக்கொத்து நோய் வந்து அந்த மலையில் வாழை பெரும்பாலும் அழிந்து, அப்புறம் மெதுவாக மீண்டது. அதனால் எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் சீப்பாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

12 ஜனவரி 2025

பொங்கலுக்கு முந்திய சந்தை. காலை ஐந்தரைக்கே உள்ளே நிற்க இடமில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, பரங்கி, சர்க்கரைவள்ளி, அப்புறம் சிறுகிழங்கு.

சிறுகிழங்கு வாங்கியவர்கள் "தோல் சீவியே விரல் கறுத்துவிட்டது" என்று எழுதுகிறீர்கள். சீவ வேண்டாம். திருநெல்வேலிக்காரர்கள் செய்கிற மாதிரி, தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு சாக்குப் பையில் போட்டு வாயைப் பிடித்துக்கொண்டு தரையில் அடித்துத் தேயுங்கள். முக்கால்வாசித் தோல் அங்கேயே போய்விடும். மீதியைக் கத்தியால் சுரண்டி, கறுக்காமல் இருக்க உடனே தண்ணீரில் போடுங்கள். வேகவைத்து, தேங்காய், சீரகம், வத்தல், சின்ன வெங்காயம் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டுப் பொரியல். குழைய விடக்கூடாது.

பனங்கிழங்கும் வந்துவிட்டது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலையும் நாரையும் எடுத்துவிட்டுச் சாப்பிடுவதுதான் எல்லாரும் செய்வது. வெந்ததைத் துண்டாக்கி வெயிலில் சருகாகக் காயவைத்து இடித்து மாவாக்கி வைத்தால், தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் புட்டு அவிக்கலாம். நல்ல வெயில் வந்துவிட்டது, இப்போது காயவைக்கலாம்.

19 ஜனவரி

இனி வரப்போகிற மாதங்களுக்கு என்ன என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார், ஆறு மணிக்கு எழுந்துகொள்ளப் பழகிவிட்டாராம்.

மாசி பிற்பாதியிலிருந்து மாவடு பாருங்கள், நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும். காம்போடு இருப்பதை வாங்க வேண்டும், காம்பு போன வடு அழுகும். கழுவித் துடைத்து ஈரமில்லாமல் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள், கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி போட்டு ஜாடியில் வைத்துத் தினமும் குலுக்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் சித்திரைக்கு முன்பே ஆசை தீரச் சாப்பிட்டுவிடுங்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017லிருந்து 61 நாள். அந்தக் காலத்தில் நாட்டுப்படகு மீனும் கண்மாய் மீனும்தான், விலையும் ஏறும். கெளுத்தியும் விராலும் எப்படிக் கழுவுவது என்று அப்போது கேளுங்கள், எழுதுகிறேன். கெளுத்தியின் முள் பொல்லாதது, அதை மட்டும் விற்பவரையே ஒடித்துக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.